புதுவாயலில் ஒரு பாய்

எனக்கு வீடு கிடையாது. இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டில் பீரோவையெல்லாம் உறவுக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு, ஒரு முதுகுப் பையோடு கிளம்பியவள் நான். ஊர் ஊராகப் போய் நாவல் எழுதுகிறேன். "இந்த வயசில் இதென்ன பரதேசிப் பிழைப்பு?" என்று கேட்காத சொந்தமில்லை. கேட்கக் கேட்க எனக்குக் குஷிதான் கூடும்.

ஆனால் இந்த நாவல் என்னைப் படுத்தி எடுத்தது. கதாநாயகி புருஷன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கும்பகோணத்து லாட்ஜில் அவளைப் பையோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மங்களூரில் நான் மழை பார்த்தபோதும் அங்கேயே நின்றாள். புரியில் கடல் பார்த்தபோதும் நின்றாள். படியிறங்க மாட்டேன் என்கிறாள். அடுத்த ஊரிலும் நகரவில்லையென்றால் எழுதிய அத்தனையையும் அழித்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

புரியிலிருந்து திரும்பிய ரயில் கும்மிடிப்பூண்டியில் சிக்னலுக்காக நின்றது. எதிர்ப்பக்கத்து மின்சார ரயிலிலிருந்து பெண்கள் கூட்டமாக இறங்கி ஷிஃப்ட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, ஓட்டத்திலும் சிரிப்பு. எனக்குள் ஏதோ துள்ளியது. சென்னையில் இறங்கிய கையோடு அடுத்த மின்சார ரயிலில் திரும்பி வந்துவிட்டேன். "சுற்றிப் பார்க்கக் கும்மிடிப்பூண்டியா?" என்று சிநேகிதி போனில் சிரித்தாள். சிரிக்கட்டுமே!

என் வேலை முறை கொஞ்சம் கோமாளித்தனமானது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கதாநாயகியாகவே பேசிப் பார்ப்பேன். எதிர்முனையில் ஆள் கிடையாது. பேச்சு சரியாக வந்து விழுந்தால், இறங்கி எழுதிக்கொள்வேன். இங்கே, பொன்னேரியிலிருந்து புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கிளம்பிட்டேன். பையெல்லாம் கட்டியாச்சு. இனி உங்க வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்!" என்று தினமும் கொதித்தேன். புதுவாயலில் ஏறும் பெண்கள் அப்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். எவ்வளவு நாகரிகமானவர்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைத் தொட்டாள். நாற்பது வயதிருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவள்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காத. தெனம் கெளம்பிட்டேன் கெளம்பிட்டேன்னு சொல்லிக்கினே கீற. பையும் மடியிலயே கீது. நைட்டு எங்க படுப்ப?"

நான் போனைக் காதிலிருந்து இறக்கினேன்.

"எங்க ரூமு புதுவாயல்லதான். அல்லாம் பொம்பளைங்கதான். எனக்கு இந்த மாசம் நைட்டு. என் பாயி சும்மா கெடக்குது, போய்ப் படு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

முன் சீட்டுக்காரி திரும்பினாள். "அந்தாளு தேடிக்கினு வந்தா நாங்க பாத்துக்கறோம்."

அந்த அறைகளில் அதுதான் வழக்கமாம். ஒரு பாய், இரண்டு பேர். ஒருத்தி எழுந்து வேலைக்குப் போனால், வேலை முடிந்து வந்த இன்னொருத்தி படுப்பாள். இவளோடு பாயைப் பங்கு போட்டவள் ஊருக்குப் போயிருந்தாள்.

கதாநாயகி ஏன் நகரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே வா, வா என்று கையைப் பிடித்து இழுத்தேனே தவிர, வந்தால் எங்கே படுப்பாள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் அறை எடுத்துத் தூங்குகிறவளுக்கு அது எங்கே தோன்றும்? சந்தோஷத்தில் எழுந்து கத்தலாம் போலிருந்தது. ஆனால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

"வீட்டை விட்டுக் கெளம்பினது நான் இல்லம்மா. நான் கதை எழுதறவ. அந்தக் கதையில வர்ற பொண்ணுதான் பேசினா."

"கதையா? அடிப்பாவி! உன்னயே நெனச்சிக்கினு மிசின்ல கை ஓடல எனக்கு. ஒரே பேஜாரா பூட்ச்சி!"

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே கேட்டாள்.

"இப்ப இன்னா பண்றா அந்தப் பொண்ணு?"

"வாசல்லயே நிக்கிறா."

"இன்னாத்துக்கு நிக்கிறா? அவளையாச்சும் அனுப்பு. பாயி காலிதான்."

சிப்காட் நிறுத்தத்தில் இறங்கிப் போனவள், திரும்பி வந்து என் ஜன்னலைத் தட்டினாள்.

"யக்கா! காலைல ஆறு மணிக்குள்ள அவள எழுந்துக்கச் சொல்லு. நான் வந்து படுக்கணும்."

அடுத்த நிறுத்தத்தில் குதிக்காத குறையாக இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன டீ ஆறிப்போகும் வரை எழுதினேன். கதாநாயகி தடதடவென்று படியிறங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் அவளை ஐந்தரைக்கே எழுப்பிவிட்டு, பாயை உதறி விரித்து வைக்கச் சொன்னேன்.