தொப்பி போட்ட அலாரம்

அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸ் வேலையில் கண் நன்றாகத் தெரிவதே ஒரு தொந்தரவு என்பது என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் எங்கள் வளாகத்தில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். வீடு வீடாக இன்ஸ்பெக்‌ஷன் போவது என் தலையில் விழுந்தது.

பிளைண்ட் ஐ

சேர்ந்த அன்றே மேனேஜர் டயான், “டோன்ட் டர்ன் எ பிளைண்ட் ஐ” என்றாள். தப்பு என்று தெரிந்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடாதே என்று அர்த்தம். இங்கிலீஷில் இது பெரும்பாலும் குற்றச்சாட்டாக வரும். நம்மவர்களிடம் அதுவே வேண்டுகோள். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று சொல்லப் போனேன். மகள் வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர் ஆன்ட்டி வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: “இந்த வெயில வீணாக்குனா பாவம் கண்ணு. நீ கண்டுக்காம போ.”

ஷவர் கேப்

துணியால் யாருக்கும் ஆபத்தில்லை, போய்விட்டேன். அதே வளாகத்தில் குடியிருந்த கார்த்திக் வீட்டு ஹாலில், குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டுகிற ஷவர் கேப்பைப் புகை அலாரத்துக்கு மாட்டியிருந்தார்கள். தாளித்தால் அலறுகிறதாம். உள்ளறையில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் அலாரம் கத்தாது.

கழற்றச் சொன்னேன், கழற்றினார். அடுத்த முறை போனால் மறுபடியும் தொப்பி. மனைவி வித்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தொப்பியையே முறைத்துக்கொண்டு நின்றாள். ரிப்போர்ட் பண்ணப் போகிறேன் என்றதும் கார்த்திக் வாசல் வரை பின்னாலேயே வந்தார்: “நம்ம ஊரு ஆளு, நீங்களே இப்படிப் பண்ணா எப்படிக்கா?”

நோட்டீஸ்

பண்ணிவிட்டேன். இன்னொரு முறை மூடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸ் நோட்டீஸ் அனுப்பியது. கைக்குழந்தையோடு எங்கே போவார்கள் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டயானுக்கென்ன, அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவாள். நான் இவர்களை இந்தியன் ஸ்டோரில் பார்த்தாக வேண்டும்.

அந்த வாரமே வித்யா ஆபீஸுக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் குழந்தையின் ஸ்ட்ரோலர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “தேங்க்ஸ்க்கா. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். வீட்டைக் காலி பண்ணணும்னதும்தான் கழட்டினாரு.”

கார்த்திக் மட்டும், இந்தியன் ஸ்டோரில் நான் எதிரே வந்தால், இன்றுவரை வெண்டைக்காயைத்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.