துணிக்கடியில் மண்மாவு

பீங்கான் பொம்மைப் பட்டறையில் எனக்கு அச்சு வேலை. பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி வைத்தால் அச்சு தண்ணீரைக் குடிக்கும், உள்சுவரில் மண் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவோம். ஊற்றியதில் கவிழ்த்ததைக் கழித்தால் அச்சில் நின்றது தெரியும்.

அதனால்தான், ஆராய்ச்சி படிக்கும் ஒரு பெண் பட்டறைக்கு வந்து, சோப்பிலும் சென்ட்டிலும் போடும் வாசனை மருந்து தோலுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் முறையைச் சொன்னபோது, ஐந்தாவதோடு நின்ற எனக்கும் புரிந்தது. எங்களில் சிலருடைய முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு அளந்து விட்டு, மேலே வலைத்துணி ஒட்டினார். மறுநாள் பஞ்சால் துடைத்து மிச்சத்தை மிஷினில் அளப்பார். காற்றில் போவதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்; விட்டதில் இரண்டையும் கழித்தால் தோலுக்குள் போனது. அதுவரை யாரும் தொடக்கூடாது.

எனக்கு விழுந்தது மல்லிகை வாசனை.

"என்னாண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள்.

"அண்ணிக்கு மூக்கு இருக்குது, பாத்து வூட்டுக்குப் போங்க!" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. சூளைக்குப் பின்னால் போய், துணியின் ஓரத்தைத் தூக்கி, காய்ந்த மண்மாவை வைத்துத் தேய்த்தேன். தரையில் எண்ணெய் கொட்டினால் நாங்கள் போடுவது அதைத்தான். உறிஞ்சிவிடும். மாவை ஊதித் தள்ளிவிட்டுத் துணியை ஒட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஒரு தைலப் புட்டியோடு வந்தார்.

"அண்ணே, உங்க கையிலதான் ரொம்ப உள்ள போயிருக்குது. மண்ணுலயே இருந்து தோலு மெலிஞ்சிருச்சி போல. இதத் தடவுங்க. மண்வேலை செய்யிறவங்க சென்ட் பூசக்கூடாதுன்னே எழுதப்போறேன்."

"இன்னொரு தபா போட்டுப் பாருங்களேன் மேடம்."

"வேணாம்ண்ணே. மத்தவங்க சொறிஞ்சிட்டாங்களோன்னு கூட சந்தேகம் இருக்குது. நீங்கதான் நான் சொன்னபடி இருந்தீங்க."

அதற்குமேல் முடியவில்லை. மண்மாவு தேய்த்ததைச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து என் வரிசையைக் கோடு போட்டு அடித்தார்.

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே. ஏண்ணே தொட்டீங்க?"

வர்ணம் பூசுகிறவர்கள் தூரிகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் சிரிப்புக்குப் பயந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அரிச்சுது மேடம்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து, மல்லிகை வாசனையால் அரிப்பு என்று அதையும் எழுதிக்கொண்டார்.