ராஜா மகளின் கண்

என் அக்கா புருஷனுக்கு வாய்தான் மூலதனம். கோயில் கிழக்கு வாசலில் யாத்ரீகர் பஸ் வந்து நின்றால், மற்ற வழிகாட்டிகள் டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவர் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். அங்கே எல்லோருக்கும் அவர் 'ரேடியோ'. எனக்கு அத்தான். எனக்கு அவரை ஒருநாளும் பிடித்ததில்லை. அதை மறைக்கப்போவதும் இல்லை.

அவர் சொல்லும் தலபுராணம் இதுதான். ஒரு ராஜாவின் மகளுக்குப் பார்வை போய்விட்டது. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். ராஜா அவளைக் காட்டு வழியே நடத்திக் கூட்டிவந்து, இந்தக் குளத்தில் முழுக வைத்து, சன்னிதியில் நிறுத்தினார். கண் திறந்து அவள் முதலில் பார்த்தது அம்மனின் முகத்தை. அந்த நன்றிக்காகத்தான் ராஜா இந்தக் கோயிலைக் கட்டினாராம். "பாத்துட்டா!" என்று அத்தான் நிறுத்தும்போது கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். கண் சரியில்லாதவர்கள் எங்கெங்கிருந்தோ இந்தக் குளத்தைத் தேடி வருவது இந்தக் கதையை நம்பித்தான்.

ஆனால் தெற்குச் சுவர் கல்வெட்டு வேறு சொல்கிறது. பார்வை இழந்து இறந்துபோன மகளின் நினைவாக, ஓர் அணையா விளக்குக்கு ராஜா நிலம் கொடுத்தார். அவ்வளவுதான். அது பழைய எழுத்து. படிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் அத்தானும் ஒருவர். எனக்கு அவர்தான் வாசித்துக் காட்டினார். "செத்த கதையக் கேக்க எவன்டா பஸ் ஏறி வருவான்?" என்று சிரிக்கவும் செய்தார். முன்னவர்கள் சொன்ன பொய்க்கு இவர் கண், காது, மூக்கு வைத்தார்.

அந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வந்தவள் என் அக்கா. நடுவயதில் அவள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ளவும், பக்கத்திலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடவும் ஆரம்பித்தாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. போன பார்வை வராது. ஆபரேஷன் பண்ணா இருக்கறதக் காப்பாத்தலாம். தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "கத்தியெல்லாம் வேணாம். குளம் இருக்கு" என்றாள். தினமும் விடிந்ததும் போய் முழுக ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன் வீட்டில் எப்படி மாற்றிச் சொல்வார்? கொஞ்ச நாள் சும்மா இருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அவள் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளைத் தெற்குச் சுவருக்குக் கூட்டிப்போனார்.

"இங்க எழுதியிருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பார்வை வரவே இல்ல, செத்துப்போச்சு. நாங்க சொல்றதெல்லாம் கட்டுக்கதை" என்று அவள் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் ஓட்டினார்.

அக்கா சிரித்தாள். "என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போக எப்படியெல்லாம் கதை கட்டுறீங்க!"

"அம்மன் மேல சத்தியம்."

"சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க, நாக்கு அழுகிடும்."

ஆயுசு முழுக்க ரீல் விட்டவர் அன்று நிஜம் பேசினார், எடுபடவில்லை. "எல்லாம் உங்க வாயால வந்தது அத்தான்" என்று அங்கேயே கத்தினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பிறகு அவளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். டாக்டர் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். "அப்பவே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்ததும் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"சுவத்துல இருந்தது நிஜந்தானா?"

"நிஜந்தான்" என்றார் அத்தான்.

இப்போதாவது அவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அந்தப் பொண்ணு சாகறப்ப அவ அப்பா பக்கத்துல இருந்தாரா?"

அத்தான் அவள் பக்கம் குனிந்தார். "இருந்தாரு. கடைசி வரைக்கும் அவ கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு."

கல்வெட்டில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. அக்கா கையை நீட்டித் துழாவினாள். தவறி என் கையைப் பிடித்தாள். நான் அந்தக் கையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.