எல்லோரிடமும் கேட்டாச்சு

“எல்லோரிடமும் கேட்டாளாமே! யாருங்க அந்த எல்லோரும்?” என்று கேட்டுவிட்டுச் சென்னை மேலாளர் தொலைபேசியில் சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் ஸ்பீக்கரில் கேட்டது. இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அலுவலகம் கோவில்பட்டியில், ஒரு விதைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. நான்கு கம்ப்யூட்டர், நான்கு பெண்கள். முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் ஒரு கம்பெனி மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு வேலை அண்ணாச்சிக்கு வந்திருந்தது. இது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில்.

துண்டு என்று சொன்னது சும்மா இல்லை. மொத்தக் கோடும், அதாவது அந்த மென்பொருளின் நிரல் முழுதும், சென்னையில் ஒரு சர்வரில் இருந்தது. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பெயரோடு பதிவாகும். மரம்போலக் கிளைபிரிந்து கிடந்த அந்தக் கோடில் ரிப்போர்ட் என்ற ஒரே ஒரு ஃபோல்டரைத் திறக்கத்தான் எங்களுக்கு அனுமதி. மற்றவை எங்கள் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு ஃபோல்டரையும் முழுதாக இறக்க எங்கள் போன் லைன் இன்டர்நெட்டுக்குத் தெம்பு கிடையாது. கோடையில் கரிசல் வெடித்தால் கேபிள் இழுபடும், மழை பெய்தால் லைன் செத்துவிடும், இரண்டும் இல்லாத நாளில் அண்ணாச்சிக்கு யாராவது போன் செய்தால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் அந்த ஃபோல்டரையும் நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதியை மட்டும் இறக்கி வைத்திருந்தோம்.

ஒருமுறை நான் சென்னைக்கு எழுதினேன். கோடு முழுவதையும் ஒரு சிடியில் போட்டு ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் காலையில் இங்கே வந்துவிடும், மாற்றத்தை மட்டும் லைனில் இறக்கிக்கொள்வோம் என்று. “உங்களுக்கு அது தேவைப்படாது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு எது தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரியுமாம்! பாதுகாப்புக் காரணம் என்று சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு வேலை செய்ததில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் வந்தது. கோடில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்துகொடுக்கும் பகுதிக்கு ஃபங்ஷன் என்று பெயர். அதை இன்னொரு இடத்திலிருந்து பயன்படுத்துவதைக் கூப்பிடுவது என்போம். ஒருத்தி ஒரு ஃபங்ஷனில் கை வைக்கும் முன் எழுந்து நின்று அதன் பெயரைச் சொல்லி, “இந்த ஃபங்ஷன யாரும் கூப்பிடுதியளா?” என்று சத்தம் போடுவாள். மற்ற மூவரும் அவரவர் துண்டில் தேடிப் பார்த்து, “கூப்பிடுதேன்”, “இல்ல, கூப்பிடல” என்று பதில் சொல்வோம். கீழே விதைக்கடைக்காரருக்கு இது மாடிப்படி வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் படியேறி வந்து, “என்னம்மா, தெனமும் பங்சன் பங்சன்ங்கிய, கீழ இருக்க எங்கள ஒருநாளாவது கூப்பிட்டியளா?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு மத்தியானம்வரை சிரித்தோம்.

எங்களில் இளையவள் நாகலாபுரத்துப் பக்கம். வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். மூன்று மாதப் பயிற்சியை முடித்து, சர்வரில் தன் பெயரில் எழுத அனுமதி கிடைத்த முதல் வாரம் அது. திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, “அக்கா, இனி நான் செய்யுததெல்லாம் எம்பேருலயே ஏறுமா?” என்று இரண்டு தடவை கேட்டாள். வேலை நிரந்தரம் ஆவது அந்த மாதம் சென்னை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து இருந்தது.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து மெயில் வந்தது. ரிப்போர்ட் ஃபோல்டரில் யாரும் பயன்படுத்தாத ஃபங்ஷன்களை எடுத்துவிடச் சொல்லி. சொன்னது அவர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். நாங்களாக எதையும் தொடவில்லை.

வேலையை அவளிடம் கொடுத்தேன். நோயாளியின் பிறந்த தேதியை வைத்து ‘மூன்று வயது நான்கு மாதம்’ என்று வயதை எழுதிக்கொடுக்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. அவள் முறைப்படி எழுந்து நின்று கேட்டாள். மூன்று பேரும் தேடினோம். மூன்று பேரும் இல்லை என்றோம். அதை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று பதிவில் எழுத வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள்: எல்லோரிடமும் கேட்டாச்சு, யாரும் கூப்பிடவில்லை. அதுதான் அவள் பெயரில் ஏறிய முதல் மாற்றம்.

கூப்பிட்டது சென்னை. எங்களுக்குத் திறக்காத இன்னொரு ஃபோல்டரில், நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு அடிக்கிற பக்கம் அந்த ஃபங்ஷனை நம்பி இருந்தது. அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்வரை தவறு வெளியே தெரியாது. மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனையில் திறந்தார்கள். சீட்டு வரவில்லை. கையால் எழுதிக்கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மருத்துவமனைக்காரர் சென்னையைப் பிடித்து உலுக்க, சென்னை எங்களைப் பிடித்தது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. மேலாளர் அவள் எழுதிய வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். “நாலு பேர் இருக்கிற ரூம்ல கேட்டுட்டு எல்லோரும்னு எழுதுறதா? இந்தப் பொண்ணை அனுப்பிடுங்க” என்றார். அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சார், அந்த ஃபோல்டரை நாங்க பார்க்க முடியுமா, முடியாதா?” என்று கேட்டேன்.

“அது வேற விஷயம்.”

“அதுதான் சார் விஷயம். மொத்தக் கோடும் உங்க மெஷின்ல இருக்கு. ஒரு தடவை தேடினா அரை நிமிஷம். அவ எழுதினது மூணு நாளா உங்க சர்வர்ல கிடந்தது. அங்க எத்தனை பேர் பார்த்தீங்க?”

அண்ணாச்சி ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு, “ஏம்மா, பெரிய எடம். வேலையே போயிரும். சத்தங்காட்டாம இரி” என்றார். அவர் முகம் வேர்த்துவிட்டது. அவர்மீதும் எனக்குக் கோபம் வந்தது. அவ போனா நானும் போறேன் அண்ணாச்சி என்று அவர் காதுபடச் சொன்னேன். கண்ணைக் கட்டிவிட்டுச் சுவரில் முட்டினாய் என்று திட்டுகிறவர்களுக்கு என்னத்துக்குப் பயப்பட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது. அவள் வேலையில் இருக்கலாம். ஆனால் சர்வரில் எழுதும் அனுமதி கிடையாது, பார்க்க மட்டும்தான். அவள் செய்வதை நான் சரிபார்த்து என் பெயரில் ஏற்ற வேண்டும். அந்த ஃபோல்டர் மட்டும் எங்களுக்குக் கடைசிவரை திறக்கவே இல்லை. வேலை போகவில்லையே என்று அண்ணாச்சி எல்லோருக்கும் சேவு வாங்கிக்கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவள் அடுத்த ஒன்றரை வருடம் எழுதினாள். எழுதினாள் என்றால் அப்படி எழுதினாள். பரிசோதனை முடிவுகளைத் தமிழில் அச்சடிக்கும் பகுதி முழுக்க அவளுடையது. எழுத்துகள் உடைந்து உடைந்து வந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்தாள். நான் வாசித்துப் பார்ப்பேன், பெரும்பாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற இருக்காது, என் பெயரில் ஏற்றிவிடுவேன்.

அந்த வேலை முடிந்ததும் அதே மேலாளர் மெயில் போட்டார். கோவில்பட்டியில் இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் இருப்பது பெருமை என்று என் பெயரைப் போட்டு, மேலே இருந்தவர்களுக்கெல்லாம் நகல் அனுப்பியிருந்தார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தானே பாராட்டுவார். பதில் எழுத உட்கார்ந்தேன். அவள் பெயரை ஒரு வரியில் எழுதலாமா என்று யோசித்தேன். பழையதை ஏன் கிளறுவது, மறுபடி அவளைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். என்னைக் குழுத்தலைவி ஆக்கப்போகிறார்கள் என்று அண்ணாச்சி அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ‘தேங்க் யூ சார்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவள் டீயோடு பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மெயிலையும் கீழே என் பதிலையும் மெதுவாக வாசித்தாள்.

“நல்லா எழுதியிருக்காவ அக்கா” என்று டீயை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

சென்னைக்காரரைத் திட்ட இருபது வருடமாக என்னிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு லைன் நன்றாக இருந்தது. திருத்தி இன்னொரு மெயில் போட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் போடவில்லை.