மாப்பிள்ளை கோட்டுக்கு மூன்று மீட்டர் துணி: ஓர் உளவுப் பயணம்

"மாமா, திருவண்ணாமலையில் கம்மி செலவில் கோட் சூட் தைக்க முடியுமா?" என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களை அடுக்கினால், அங்கே மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். முடியும். 1981 ஆடி மாதத்தில் இந்தத் திக்விஜயத்தை நானே நடத்தி முடித்தவன். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகள் வசந்திக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை ஏழுமலை, செங்கம் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ரிசப்ஷனுக்குக் கோட் சூட் பெண் வீட்டுச் செலவு என்று நிச்சயத்தன்று பேச்சு. துணி எடுக்கும் சேனாதிபதியாக என்னை நியமித்தார்கள். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வசந்தி வாசலில் மறித்தாள்.

"மாமா, பொண்ணு பாக்க வந்தப்பவும் சரி, நிச்சயத்தன்னைக்கும் சரி, அவரு ஒரு வார்த்தை பேசல. வூட்ல சொல்றாங்கனு தலையாட்டறாரோ இன்னாவோ. நீயே பாத்துட்டு வந்து சொல்லு. இஷ்டம் இல்லாதவருன்னா, நான் இப்பவே வேணாம்னுடறேன்."

ஆக, வெளியே துணிப் பயணம். உள்ளே உளவுப் பயணம். ஏழு மணி பத்து நிமிட பஸ், பதினெட்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய் டிக்கெட், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் நான் சந்தேகப்பட்டுக்கொண்டே போனதில் கண்டக்டர் கொடுத்த சில்லறையைக்கூட மூன்று முறை கடித்துப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை காத்திருந்தார். கும்பிட்டார், சிரித்தார், அவ்வளவுதான். முதலில் தையல்காரரிடம் போனோம். இது முக்கியம்: துணி வாங்கிவிட்டுத் தையல்காரரைத் தேடாதீர்கள், அவரிடம் அளவு கொடுத்துவிட்டுத் துணிக்குப் போங்கள். ஐம்பத்தெட்டு அங்குல அகலத் துணி என்றால் மூன்று மீட்டர் போதும் என்றார். கூலி நூற்று இருபது. "பேன்ட் பெல் பாட்டமா வைக்கட்டுமா, நேரா வைக்கட்டுமா?" என்று கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். "மாமா இஷ்டங்க."

என் காது விடைத்தது. தன் காலுக்கு எது வேண்டும் என்று தெரியாத ஒரு மனிதரா?

தேரடி வீதியில் ஒரு துணிக்கடை. வாசலில் ஆடித் தள்ளுபடி பலகை. நாற்காலி போட்டார்கள், கலர் சோடா வாங்கித் தந்தார்கள், அங்கேயே எனக்குச் சந்தேகம். கடைக்காரர் ஒரு சாம்பல் நிறத் துணியை விரித்தார். டெரிலினும் கம்பளியும் கலந்த அசல் டெரிவூல், மீட்டர் எண்பத்தைந்து. நான் விடுவேனா? கைக்குள் கசக்கினேன். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தேன். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்தேன். கம்பளி கலந்திருந்தால் முடி கருகும் வாசனை வரும். இது பிளாஸ்டிக் மாதிரி உருகி, உருண்டையாக நின்றது. "பிடிபட்டான் திருடன்!" என்று நான் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் வேலூர் வரைக்கும் பறந்திருக்கும்.

"சார், அது கரை. கரைக்கு வேற நூலு ஓட்டுவாங்க. உள்ள இருந்து உருவுங்க" என்றார் கடைக்காரர், பொறுமையாக. உள்ளிருந்து உருவிக் கொளுத்தினேன். முடி வாசனையே வந்தது. மீசையைத் தடவி, இருமிச் சமாளித்தேன். அடுத்த சோதனை, வெயில். டியூப் லைட்டில் சாம்பலாக இருப்பது தெருவில் பச்சையாகத் தெரியும். ஏழுமலையின் தோளில் துணியைப் போட்டு வீதிக்கு இழுத்தேன். ஓடிவிடுவோம் என்று கடைக்காரருக்குச் சந்தேகம். மறுமுனையை அவர் விடவில்லை. மூன்று மீட்டர் துணியின் இரண்டு முனையிலும் இரண்டு சந்தேகப் பிராணிகள், நடுவில் மாப்பிள்ளை, சுற்றி வேடிக்கை பார்க்க அரை ஊர்.

"புடிச்சிருக்கா மாப்ளே?"

"உங்க இஷ்டங்க."

கரு நீலம் காட்டினேன். உங்க இஷ்டங்க. காப்பிப் பொடி நிறம். உங்க இஷ்டங்க. வசந்தி சொன்னது சரிதான், இவருக்குக் கல்யாணத்திலேயே மனசில்லை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். மேல் தட்டில் ஒரு துணி இருந்தது: கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கட்டம், ஒவ்வொரு கட்டமும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பத்து வருஷமாக யாரும் தொடாத துணி. "இதையே வெட்டுங்க" என்றேன்.

"வெட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டோம் சார்" என்று கடைக்காரர் கத்தரியைத் திறந்தார். நான் மாப்பிள்ளையையே பார்த்தேன். கத்தரி துணியைத் தொட்டது.

"மாமா, ஒரு நிமிஷம்ங்க." ஏழுமலையின் நெற்றியெல்லாம் வியர்வை. "அவங்க… அன்னைக்கு என்ன கலர் பொடவை கட்றாங்க?"

"எதுக்கு?"

"பக்கத்துல அவங்கதானே நிக்கப்போறாங்க. இந்தக் கட்டத்தப் போட்டுக்கிட்டு நின்னா, போட்டோவுல அவங்க இருக்கறதே தெரியாதுங்க."

கடைக்காரர் கத்தரியை மூடினார். "பின்ன காலையிலேர்ந்து ஏன்யா வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா சொல்லி அனுப்பிச்சாருங்க. பொண்ணு வூட்ல எடுத்துத் தர்றத வாங்கிக்கணும், நீயா ஒண்ணக் கைகாட்டி, அது ஜாஸ்தி வெலையாப் போயிட்டா, கேட்டு வாங்கினான்னு ஆயிடும்னு. அதாங்க பயம்."

அந்தப் பயத்தைத்தான் நான் வெறுப்பு என்று அளந்திருக்கிறேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் என்று புடவையை வர்ணித்தேன். ஒரு நொடி யோசிக்கவில்லை மனிதர். "அப்ப அந்தச் சாம்பலுங்க." மூன்று மீட்டர், இருநூற்று ஐம்பத்தைந்து. பேன்ட்டைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கும் போடலாம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். தையல்காரர் பன்னிரண்டு நாள் கெடு சொன்னார். ஆச்சரியம், சொன்ன நாளிலேயே கொடுத்தார்.

நீங்கள் போவதானால், பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் துணியோடு நீங்களும் கசங்கிப்போவீர்கள். நூலை நடுத்துணியிலிருந்து உருவுங்கள். வெயில் ஏறிய பிறகு கடைக்குப் போங்கள். கோட்டு போடப்போகிறவர் வாய் திறக்கவில்லை என்றால், விலைச் சீட்டை மறைத்துவிட்டு அவரைத் தனியாகக் கேளுங்கள்.

அன்று மத்தியானம் வீடு திரும்பியதும் துணி என்ன நிறம் என்றுகூட வசந்தி கேட்கவில்லை. "இன்னா மாமா?" என்றாள். ஏழுமலை கேட்டதை அப்படியே சொன்னேன். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே மறுபடி கேட்டாள். பதினோராவது தடவை சொன்னபோது, அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததாகவும் சேர்த்துவிட்டேன். "அது பொய்யி" என்றாள் வசந்தி. "இருந்தாலும் அதையும் சேத்தே சொல்லு."