பேப்பர் கிளாஸ்

ஆந்திர எல்லையில், பாலசமுத்திரம் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் மணியம்மா பெயர் வந்து நிற்கும். "வளத்தா அவள மாதிரி வளக்கணும்" என்பார்கள். கேட்கும்போது மணியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். "நான் இன்னாத்த பண்ணிட்டேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையைக் கட்டுவாள். வீட்டுக்குப் போனதும் புருஷன் துலுக்காணத்திடம் அதை வார்த்தை பிசகாமல் ஒப்பித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

பெருமைப்பட அவளுக்கு உரிமை இருக்கத்தான் செய்தது. ஒரே மகள் ரூபா. அவள் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கெட்ட வார்த்தை ஒன்று விழுந்ததில்லை. துலுக்காணத்துக்கு அது கலக்காமல் ஒரு பேச்சும் வராது என்பதால், பாவம், அந்த மனுஷன் கொஞ்ச காலம் ஊமையாகவே திரிந்தான். அவனுடைய பீடி வேலிக்கு அந்தப்பக்கம் போயிற்று. அடுத்த கொல்லைக் கொய்யா இவர்கள் பக்கம் விழுந்தால்கூட, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள் மணியம்மா. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்த ஒரு நாள், எப்படி இந்தப் பிள்ளையை இப்படி வளர்த்தீர்கள் என்று வாத்தியார் தெலுங்கில் கேட்டார். இவள் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக எழுந்து நின்று சொன்னாள்.

"செப்பேதி ஏமீ லேது சார். சொல்லித் தர்றதுக்கு ஒண்ணும் இல்ல, செஞ்சி காட்றதுதான். நாம இன்னா செய்றமோ அத்தயே பாத்துக்கினு இருக்கும் சார் பசங்க கண்ணு."

வாத்தியார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். நிலம் இல்லாத காலத்தில் மணியம்மா பெரிய மாந்தோப்பு ஒன்றில் காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கூடவே பொன்னியம்மா. ஒரே தெரு, ஒரே வயசு. தாகம் எடுத்தால் தோப்புக்காரர் வீட்டம்மா செம்போடு வந்து எட்டி நிற்பாள். இவர்கள் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே பிடிக்க வேண்டும். அந்தம்மா உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் போகும். ரூபா வயிற்றில் இருந்தபோது ஒருநாள் அப்படிக் குனிய முடியாமல் குனிந்து குடித்துவிட்டு நிமிர்ந்தவள், பொன்னியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குப் பொறக்கறது இப்பிடிக் கையேந்தக் கூடாதுடி. இன்னொருத்தரக் கையேந்த வெக்கவும் கூடாது."

"உன் வயித்துல பொறந்தது ஏன்டி அப்பிடிச் செய்யப் போவுது" என்று சொல்லி முதுகைத் தடவிவிட்டாள் பொன்னியம்மா.

பிறகு காலம் கொஞ்சம் கண் திறந்தது. அரசாங்கம் பட்டா கொடுத்தது. கரடு முரடான கல்லாங்காட்டைப் புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பொடியச் சீர்ப்படுத்தி, ஒட்டுக் கன்று வைத்து, போர் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். மரம் காய்த்தது. இப்போது மணியம்மாவின் தோப்பில் காய் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. யார் வருவார்கள்? அதே தெருக்காரர்கள்தான். முன்னால் நின்றவள் பொன்னியம்மா. முதல் பறிப்புக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். மணியம்மாவும் அதிலேதான் குடித்தாள்.

அடுத்த பறிப்பின்போது காய் பார்க்க பங்காருபாளையத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மணியம்மா டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் டம்ளரைப் பார்த்தார்; அதே மாதிரி டம்ளரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த கூலிக்காரர்களைப் பார்த்தார். "வேணாம்மா, இப்பத்தான் சோடா குடிச்சேன்" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

மணியம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. கூலிக்காரர்கள் வாய் வைத்த டம்ளர் என்பதால்தான் அவர் வேண்டாம் என்றார் என்று எடுத்துக்கொண்டாள். அவருக்கு அவளும் ஒன்று, அவர்களும் ஒன்று என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் இறக்கிவிட்டிருப்பாள். தோப்பு வந்த பிறகு மனுஷருக்கு அந்த மாதிரி விஷயங்கள் சீக்கிரம் புரிவதில்லை.

சித்தூர் சந்தைக்குப் போனவள் ஒரு கட்டு பேப்பர் கிளாஸ் வாங்கி வந்தாள்.

ரூபா அப்போது சின்னப் பிள்ளை. "இது இன்னாத்துக்கு மா?" என்று கேட்டாள்.

"தண்ணி குடிக்கறவங்களுக்கு. நம்ம டம்ளர்னா கழுவித் தரணுமேன்னு கூச்சப்படுவாங்க. அவங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு தான்மா."

அந்த வீட்டில் ரூபா காதில் விழுந்த முதல் பொய் அது. எவ்வளவு மரியாதையான பொய்!

துலுக்காணம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "பொன்னியம்மாவுக்குமா?" என்றான்.

"எல்லாரும் ஒண்ணுதான். ஆள் பாத்து செய்றது தப்பு" என்றாள் மணியம்மா. நியாயம் பேச அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

மறுநாள் மரத்தடியில் ரூபாதான் கிளாஸ் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். மணியம்மா குடத்திலிருந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். பொன்னியம்மா கிளாஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டுக் குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்து வாயருகே பிடித்தாள்.

"வீணா இன்னாத்துக்கு மணி இதெல்லாம். கையிலயே ஊத்து."

மணியம்மாவின் செம்பு அந்தரத்தில் நின்றது. ஊற்ற முடியவில்லை. "பைத்தியக்காரி மாதிரி பேசாத" என்று கத்தினாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத வேலை ஒன்றைச் சொல்லிக்கொண்டு போர் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். பொன்னியம்மா கையை விலக்காமல் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமலே பறித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தோப்புப் பக்கம் வரவில்லை.

அன்றைக்காவது அந்தக் கட்டைத் தூக்கி அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒவ்வொரு பறிப்புக்கும் ரூபா கிளாஸ் கொடுத்தாள். சிரித்த முகத்தோடு, அக்கா, அத்தை என்று முறை சொல்லிக் கொடுத்தாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ரூபா படித்தாள், திருப்பதியில் வேலைக்குப் போனாள், கூட வேலை செய்த சுதீரைக் கட்டிக்கொண்டாள். சுதீர் தங்கமான பையன். அவன் வீட்டார் வேறு ஆட்கள். முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு பெண்ணின் குணத்தைப் பார்த்து இறங்கி வந்தார்கள். இப்போது புது ஃபிளாட், கிரகப்பிரவேசம். மாட்டை யார் பார்ப்பது என்று துலுக்காணம் நின்றுவிட்டான். மணியம்மா புதுப் புடவை கட்டி, பை நிறைய மாம்பழத்தோடு பஸ் ஏறினாள். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று புத்தலப்பட்டு தாண்டும் வரை தெலுங்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லோர் எதிரிலும் மகள் தன்னை அம்மா என்று சொல்லி உட்கார வைப்பாள். அதற்காகத்தானே இத்தனையும்.

ரூபா லிஃப்ட் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டாள். பையை வாங்கிக்கொண்டாள். ஹால் வழியாக அல்ல, சமையலறை வழியாகப் பின் பால்கனிக்குக் கூட்டிப்போனாள். அங்கே வாஷிங் மெஷின் பக்கத்தில் பூ கட்டுகிற ஆளும், பாத்திரம் கழுவ வந்தவளும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹால்ல ஒரே கூட்டம் மா. இங்கன்னா காத்தா இருக்கும்" என்று ஸ்டூல் போட்டாள். காபி கொண்டுவந்தாள்.

பேப்பர் கிளாஸில்.

கதவிடுக்கில் ஹால் தெரிந்தது. அங்கே எல்லோர் கையிலும் பூப்போட்ட பீங்கான் கப்பு. மணியம்மா பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னாத்துக்குமா இதுல?"

ரூபா கீழே குந்தி அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். குரலில் அவ்வளவு பிரியம்.

"அத்தம்மா கொஞ்சம் சுத்தம் பாக்கறவங்க மா. கப்ப தனியா எடுத்து வெச்சாங்கன்னா உன் மனசுதான் கஷ்டப்படும். உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு தான்மா."

அது மணியம்மாவின் வார்த்தை. 'அவங்களுக்கு' என்பது 'உனக்கு' ஆனது தவிர ஒரு எழுத்து மாறவில்லை. திட்டவும் முடியவில்லை. எதை வைத்துத் திட்டுவது? பிள்ளை பொய்க்காரி இல்லை, துடுக்குக்காரி இல்லை, பெற்றவள் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறவள். பார்த்ததைச் செய்கிறாள், அவ்வளவுதான். காபி கசப்பாக இருந்தது. குடித்து முடித்தாள்.

"தண்ணி தாம்மா" என்றாள்.

ரூபா ஒரு செம்பில் தண்ணீரும், கட்டிலிருந்து உருவிய புது கிளாஸ் ஒன்றும் கொண்டுவந்தாள். ஹாலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வஸ்துன்னா அத்தம்மா" என்று, வருவதாகத் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

மணியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். மெல்லக் குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்து வாயருகே பிடித்தாள்.

"கிளாஸ் வீண்தானே. கையிலயே ஊத்தும்மா."

பிள்ளைக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தாள். மரத்தடி, பொன்னியம்மா, அந்தரத்தில் நின்ற செம்பு, ஏதாவது ஒன்று ஞாபகம் வந்து கை நின்றுவிடும் என்று நினைத்தாள். தன்னால் அன்றைக்கு ஊற்ற முடியவில்லையே.

"இன்னாமா நீ, இன்னும் பட்டிக்காட்டுப் பழக்கம்" என்று சிரித்தாள் ரூபா. பட்டுப்புடவையில் தெறிக்காமல் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, செம்பைத் தூக்கி ஊற்றினாள்.