பெண்கள் வார்டில் கடலைக்காய் மூட்டை

ஆஸ்பத்திரியில் நோயாளி பிழைத்தால் டாக்டருக்குப் பேர், பிழைக்காவிட்டால் விதிக்குப் பழி, கஞ்சியில் உப்பில்லை என்றால் மட்டும் மானேஜரைக் கூப்பிடுவார்கள். அடுத்தவருக்காகத் திட்டு வாங்கிச் சம்பளம் பெறும் அன்பர்கள் எந்த உத்தியோகத்தில் இருந்தாலும் நான் சொல்வது புரியும். முப்பதுகளில், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பண்ணையார் கட்டிய தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த மானேஜர் வேலை.

படித்த படிப்பு

எங்கள் டாக்டருக்குப் பத்திரிகைப் பைத்தியம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கென்றே அமெரிக்காவில் ஒரு படிப்பு வந்திருக்கிறது, பி.ஏ.வுக்கு மேலே படிக்க வேண்டுமாம் என்று ஒருநாள் வாசித்துக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நான் படித்தது பி.ஏ. சரித்திரம். பானிபட்டு யுத்தங்கள் மூன்றும் தலைகீழ்ப் பாடம். கட்டிலில் மூட்டைப்பூச்சி வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. இருந்தாலும் அறை வாசலில் பட்டத்தோடு பேர்ப்பலகை மாட்டியிருந்தேன்.

அதை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு விவசாயி உள்ளே வந்தார். "பி.ஏ.ன்னு போட்டிருக்குதுங்களே, அது காச்சலுக்குப் படிச்சதுங்களா, வயித்து வலிக்குங்களா?" என்றார். சரித்திரத்துக்கு என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நமக்கு அந்தச் சீக்கு இல்லீங்க. டாக்டரையே பாத்துக்கறேன்."

நாலு முதல் ஆறு வரை

ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில் என்பது எங்கள் ஏற்பாடு. ஒரு நோயாளிக்கு ஒரு வண்டி ஜனம் என்பது ஊர் வழக்கம். கால் முறிந்த ஒரு பெரியவரோடு மகன்கள், மருமகள்கள், பாலுக்கு ஒரு வெள்ளாடு எல்லாம் வந்து வராந்தாவில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். உறவினர் பார்க்கும் நேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரைதான், மற்ற நேரம் அவர் தனியாக இருக்க வேண்டும் என்று சட்டம் பேசினேன். மூத்த மகன் சண்டைக்கு வரவில்லை. வருத்தப்பட்டுத்தான் கேட்டார். "ஏனுங்க, ஒண்டியா அடைச்சு வெக்கறதுக்கு எங்கய்யன் களவாண்டுட்டா வந்தாரு? காலு முறிஞ்சுதானுங்க வந்தாரு."

தண்டோரா

பெண்கள் வார்டுதான் என் உண்மையான தலைவலி. ஆறு இரும்புக் கட்டில், சேலத்திலிருந்து வரவழைத்த நர்ஸம்மா, எல்லாம் இருந்தும் ஒரு பெண்கூடத் தங்கவில்லை. வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், ஏனென்று சொல்லாமலே திரும்பிவிடுவார்கள். தை பிறப்பதற்குள் ஆள் வராவிட்டால் அறையில் கடலைக்காய் மூட்டை அடுக்கப்போவதாகப் பண்ணையார் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. என் அக்கா பிரசவ வலியோடு சேலத்துக்கு மாட்டுவண்டியில் போகிற வழியிலேயே இறந்துபோனவள். பக்கத்தில் இப்படி ஓர் அறை இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் கிடையாது.

ஆகவே பக்கத்து ஊருக்குத் தண்டோராக்காரனோடு நானே போனேன். ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு இலவசம் என்று அவன் அறிவித்து முடிப்பதற்குள் தெரு காலி. முந்தைய வருஷம் இதே மாதிரி தண்டோரா போட்டுத்தான் எல்லோருக்கும் காலரா ஊசி குத்தினார்களாம். தேடிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் போனேன். சோளத்தட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டி என்னிடமே ரகசியமாகக் கேட்டார். "ஊசிக்காரங்க போயிட்டாங்களா, சாமி?"

பண்ணையார் பிடித்த கட்டில்

தையும் பிறந்தது. பண்ணையார் ஒரு மண்டிக்காரரோடு வந்து, எத்தனை மூட்டை கொள்ளும் என்று அறையை அளந்துகொண்டிருந்தார். அந்நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தலைப்பிரசவம், முந்தைய நாளிலிருந்து வலி. பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்த மாமியார் வார்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"வடக்க தல வெச்சு எம் மருமவளப் படுக்க வெக்க மாட்டனுங்க. திரும்ப ஊட்டுக்கே போறோம்."

எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஏன் திரும்பிப் போனார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. ஜன்னல் காற்றுக்காக ஆறு கட்டிலையும் அப்படி வரிசையாகப் போட்டவன் நான்தான். என் வீட்டில் நானே வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் திசை கிடையாது என்று எந்த யுத்தத்தில் படித்தேனோ. பாய்ந்துபோய்க் கட்டிலை இழுத்தேன், அசையவில்லை. அந்த அம்மாள் பண்ணையாரைப் பார்த்தாள். "ஏனுங்க பண்ணாடி, வேடிக்கை பாக்கறீங்களே, அந்தப் பக்கம் புடிங்க." பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் வேலை சொன்னதில்லை. அந்தத் திகைப்பிலேயே பிடித்துவிட்டார். மண்டிக்காரரும் ஒரு கை கொடுத்தார். திருப்பிப் போட்டதும் நர்ஸம்மா எங்கள் மூவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பொழுது சாயும் நேரத்தில் குழந்தை அழுதது. தாயும் நலம் என்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. மண்டிக்காரர் மெல்ல மூட்டைப் பேச்சை எடுத்தார். பண்ணையார் உள்ளங்கைத் துருவை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மூட்டைக்கு வேற எடம் பாத்துக்குங்க. உள்ள இன்னும் அஞ்சு கட்டலு திருப்பாமக் கெடக்குது. நர்ஸம்மா உள்ள விட்டாங்கன்னா அதையும் ஒரு கை புடிச்சுட்டுப் போங்க."

அதன்பிறகு அந்த வார்டு காலியாகக் கிடந்ததே இல்லை; மானேஜர்தான் தன் அறையையும் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, நாற்காலி போட இடமில்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிர்வாகம் பண்ண வேண்டியதாயிற்று.